சவரியம்மாளைக் கேட்கவில்லை

“எங்க அம்மாவுக்குப் போட்ட பாஸை எடுத்துடுங்க சார். எடுத்துட்டு மறுபடி பரிச்சை வைங்க.”

லியோ சார் அப்போதுதான் வடையைப் பிட்டு வாயில் போட்டிருந்தார். மென்றுகொண்டே ரோஸ்லினைப் பார்த்தார். பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“என்ன சொன்ன?”

“மறுபடி பரிச்சை வைங்கன்னேன். தெரிஞ்சா பாஸ் போடுங்க. தெரியலன்னா பெயில் போடுங்க. கேக்காம மட்டும் எதுவும் போடாதீங்க.”

அவள் இந்தக் கல்வி மையத்தில் டியூட்டராகச் சேர்ந்த அன்றைக்கே சார் சொல்லிவைத்திருந்தார். ‘ஃபேன் ஓடலையா, கேளு. புத்தகம் வரலையா, கேளு. சம்பளம் லேட்டாவுதா, என் சட்டையப் புடிச்சுக் கேளு. பரிச்சையப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. அது தஞ்சாவூர் சமாச்சாரம்.’ மூன்று வருஷமாக அவளும் திறக்கவில்லை. இன்று ஞாயிறு முதல் பூசை முடிந்த கையோடு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மாடிப்படி ஏறி வந்து திறந்துவிட்டாள்.

தஞ்சாவூர் என்று சார் சொன்னது சமுதாயக் கல்லூரியை. அங்கே அதற்குப் பெரிய கட்டிடம் இருக்கிறது, வாசலில் வளைவு இருக்கிறது, இயக்குநர் என்று ஒருவர் இருக்கிறார். இங்கே படிக்கிறவர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்ததில்லை. வலங்கைமான் பக்கத்து இந்த ஊருக்குக் கல்லூரி என்பது மாதா கோயில் நடுநிலைப் பள்ளியின் மாடியில் இரண்டு அறைகள்தான். பாடப் புத்தகம் பஸ்ஸில் பார்சலாக வரும். வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால் அந்த ஞாயிறும் பாதியாகிவிடும். பள்ளித் தலைமையாசிரியர் லியோ சார்தான் இதற்கும் ஒருங்கிணைப்பாளர். எட்டாவதோடு நின்றவர்கள், கல்யாணத்தோடு நின்றவர்கள், சும்மா நின்றவர்கள் எல்லாரும் மழலையர் கல்வி டிப்ளமாவுக்கு இங்கே வந்து சேர்ந்தார்கள். ரோஸ்லினின் அம்மா சவரியம்மாளும் சேர்ந்தாள்.

அறையில் இன்னொருத்தியும் இருந்தாள். அம்மாவோடு படித்த கவிப்ரியா. மன்னார்குடியில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை கிடைத்து, ஒரிஜினல் சர்டிபிகேட் வாங்கிப்போக வந்திருந்தாள். சார் அவளுக்கும் ஒரு வடை வைத்திருந்தார். அதை அவள் தொடவில்லை.

“ரோஸ்லின், உக்காரும்மா” என்றார் சார். “உலகத்துல பாஸ் போடலன்னு சண்டைக்கு வருவாங்க. பாஸ் போட்டதுக்குச் சண்டைக்கு வர்றவ நீ ஒருத்திதான். எழுபத்திரண்டு போட்டிருக்கு. நல்ல மார்க்கு.”

“அதைத்தான் அம்மா கேக்குது. எதுல எழுபத்திரண்டு? ஒரு கேள்வி கேக்கலையே. எதுல எனக்கு இருபத்தெட்டு தப்புன்னு கேக்குது. நான் என்ன சொல்றது?”

சார் கையைக் கைக்குட்டையில் துடைத்தார்.

ரிசல்ட் செல்போனில் வந்த அன்று ரோஸ்லின்தான் துள்ளிக்கொண்டு ஓடி அம்மாவிடம் காட்டினாள். வீடே கொண்டாடும் என்று நினைத்திருந்தாள். அப்பா மரியஅந்தோணி கோழி வாங்கப் போய்விட்டார். அம்மா அரிவாள்மனையில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. அந்த இருபத்தெட்டைத்தான் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. காய்க்காரனிடம் எடை குறைந்ததைக் கேட்பதுபோல் கேட்டாள்.

இரண்டு வருஷம் அவள் இந்த மாடி ஏறியிருந்தாள். மகளே டியூட்டர். வீட்டில் ‘ஏ பாப்பா’ என்று கூப்பிடுகிறவள் வகுப்பறைக்குள் வந்துவிட்டால் கையைத் தூக்கி, “டீச்சர், எனக்கொரு சந்தேகம்” என்பாள். பின்பெஞ்சில் சிரிப்பு எழும். “வீட்டுலயே கேட்டுட்டு வரக்கூடாதா சவரியக்கா?” என்று யாராவது சொன்னால், “வீட்டுல அவ என் மவ. கேட்டா எரிஞ்சு விழுவா. இங்க பொறுமையாச் சொல்லுவா” என்பாள். உண்மைதான். வீட்டில் ரோஸ்லின் எரிந்துதான் விழுவாள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. இந்த மாடிக்குக் கீழேயே இருக்கும் மாதா கோயில் பங்குப் பால்வாடியில் டீச்சராக வேண்டும். நடவுக்கு மெஷின் வந்த பிறகு பெண்களுக்கு மிச்சமிருப்பது மெஷின் திரும்ப முடியாத வரப்போரங்களும் மூலைகளும்தான். முழு வயலில் வரிசையாய் நின்று நட்டவர்கள் இப்போது மூலைக்கு ஒருத்தியாகக் குனிந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. சேற்றிலிருந்து காலை உருவும்போது முனகுவாள். அந்த முனகலைக் கேட்டுத்தான் ரோஸ்லின் அவளை இழுத்து வந்து சேர்த்தாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு மாதிரி வகுப்புத் தயாரிக்க வேண்டும். பால்வாடிப் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். மற்றவர்கள் சார்ட் ஒட்டினார்கள். சவரியம்மாள் ஒரு பலகையில் வயல் மண்ணைப் பிசைந்து அப்பி, ஆறு, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு மடை, மடைக்குக் கீழே நாலு வயல் என்று செய்தாள். டம்ளரால் தண்ணீர் ஊற்றினால் ஓடும். பிள்ளை விரலை வைத்து மடையை அடைக்கலாம், திறக்கலாம். ‘தண்ணி எங்கேருந்து வருது?’ என்பது பாடம். பத்து நாள் ஒத்திகை பார்த்தாள். வேலைக்குப் போன இடத்தில் மற்றப் பெண்களைப் பிள்ளைகளாக வரப்பில் உட்காரவைத்து நடத்தினாள். அவர்களில் பூவம்மாள் என்கிறவள் வேண்டுமென்றே, “டீச்சர், ஒன்னுக்கு வருது” என்று எழுந்து நிற்பாளாம். “போயிட்டு கை கழுவிட்டு வா கண்ணு” என்று அம்மா அசராமல் சொன்னாளாம். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது.

வைவா அன்று ஈரத்துணி மூடிய பலகையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு ஸ்டாப் தள்ளியிருக்கும் தெருவிலிருந்து அவள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது ரோஸ்லினுக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. யாரோ இடித்தபோது, “பாத்துப்பா, வயலு இருக்கு” என்றாள்.

“சார், நீங்க அன்னைக்கு என்னைய எங்க அனுப்புனீங்க, ஞாபகம் இருக்கா?” என்று ரோஸ்லின் கேட்டாள். “எக்ஸ்டர்னல் மேடத்துக்கு மீல்ஸ் வாங்க வலங்கைமானுக்கு. மீன் வறுவல் தனியாக் கட்டி வாங்கிட்டு வான்னீங்க. நான் வாங்கிட்டு வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.”

“இருபத்திரண்டு பேரு. அந்தம்மாவுக்குச் சாயங்காலம் திருச்சில ட்ரெயினு. அத்தனை பேரையும் எப்படிக் கேக்க முடியும்? மூணு பேரு பேசுனாங்க, மத்தவங்க கையெழுத்துப் போட்டாங்க. எல்லா சென்டர்லயும் இதான். உங்கம்மா ஒருத்தியையா விட்டுட்டோம்? பத்தொம்போது பேர விட்டுருக்கு. அவங்க யாரும் வந்து நிக்கலையே.”

“அவங்க பேசாம போறது அவங்க இஷ்டம். எங்க அம்மா கேக்குது.”

“அக்கா, வேணாம்க்கா.” கவிப்ரியா எழுந்துவிட்டாள். “ஒருத்தருக்கு மறுபடி வச்சா எல்லாருக்கும் ஏன் வைக்கலன்னு கேப்பாங்க. எங்க சர்டிபிகேட்டே செல்லாதுன்னுடுவாங்க. எனக்கு இப்பதான் வேலை கெடைச்சிருக்கு. எங்க வயித்துல அடிக்காதீங்க.”

“நீ மூணு பேர்ல ஒருத்திடி. உன்னைய கேட்டாங்க. நீ பேசின. உனக்கென்ன பயம்?”

“நான் பேசுனேன். அதுக்கு நான் என்னக்கா பண்றது? சாரும் உங்க நல்லதுக்குத்தானே சொன்னாரு. டீச்சர் அம்மாவாச்சேன்னுதானே உக்காரச் சொன்னாரு. வேற யாராச்சும்னா அந்த மேடம் கேட்டுத்தான் இருப்பாங்க.”

சொன்ன பிறகுதான் சாரின் முகத்தைப் பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

ரோஸ்லினுக்கு முதலில் புரியவில்லை. “யாரை உக்காரச் சொன்னாரு?”

பக்கத்து அறையில் புது பேட்ச் பெண்கள் வகுப்புக்காகக் காத்துக்கொண்டு எதற்கோ சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“கவிப்ரியா. யாரை?”

“உங்க அம்மாவத்தான்க்கா” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. “நாங்க மூணு பேரும் முடிச்சுட்டோம். மேடம் பைய எடுத்துட்டாங்க. அப்ப அந்தப் பலகையப் பாத்துட்டு, ‘அது என்னது, துணி போட்டு மூடி வச்சிருக்கீங்க? வாங்க, நடத்துங்க பாப்போம்’ன்னாங்க. அம்மா எந்திரிச்சாங்க. துணிய எடுத்துட்டாங்க. டம்ளர்ல தண்ணியும் மொண்டுட்டாங்க. சார்தான்…”

“நான்தான் சொன்னேன்” என்றார் லியோ சார். “அது எங்க டியூட்டரோட அம்மா மேடம், விட்டுடுங்கன்னு சொன்னேன். அந்தம்மாவும் உடனே, ‘அப்படியா, டீச்சரோட அம்மாவா, உக்காருங்க உக்காருங்க’ன்னு மரியாதையாச் சொன்னாங்க. அவ்வளவுதான் நடந்துச்சு.”

“தண்ணிய?”

“என்ன?”

“டம்ளர்ல மொண்ட தண்ணிய எங்க அம்மா என்ன செஞ்சுச்சு?”

சார் கவிப்ரியாவைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். “கொஞ்ச நேரம் கையில வச்சுக்கிட்டு நின்னாங்க. அப்புறம் குடிச்சுட்டாங்க.”

ரோஸ்லின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வீடு திரும்பியபோது அம்மா குழாயடியில் பலகையைச் சாய்த்து மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆறும் போயிற்று, வாய்க்காலும் போயிற்று. ‘எப்படிம்மா நடத்தின?’ என்று கேட்டதற்கு, ‘என்னையக் கேக்கவே இல்ல பாப்பா. நேரமில்லையாம்’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து நின்றதைச் சொல்லவில்லை. உட்காரச் சொன்னதைச் சொல்லவில்லை. யாருக்காக உட்காரச் சொன்னார்கள் என்பதை இத்தனை நாளும் சொல்லவேயில்லை.

“ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?”

“ஏன்னு கேக்குறியா? நல்லா யோசிச்சுப் பாரு. உங்கம்மா எட்டாவது. அந்த வயசுல, அந்தம்மா முன்னாடி, திக்கிட்டான்னு வையி. நாலு பேரு சிரிச்சுட்டாங்கன்னு வையி. அடுத்த ஞாயித்துக்கிழமை அதே நாலு பேரு முன்னாடி நீ எந்த மூஞ்சோட நின்னு பாடம் நடத்துவ? ஒரு டீச்சரோட தாயார எல்லாரு முன்னாடியும் நிக்கவச்சுக் கேள்வி கேக்குறது மரியாதையா? உன்னைய ஆளாக்குனவன் நான். உன் மரியாதையக் காப்பாத்துனேன். தப்பா?”

ஆளாக்கியவர் என்பது பொய்யில்லை. அவர்கள் தெருவில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் பெண் ரோஸ்லின். திருப்பூர் மில்லுக்கு அனுப்ப அப்பா பையைக் கட்டிவைத்திருந்தபோது, இதே லியோ சார்தான் வந்து மூன்று மணி நேரம் வாதாடி, அந்தப் பையை அவிழ்க்க வைத்தார். இந்த மாடியிலேயே தபால் வழியில் பி.ஏ. படிக்க வைத்தார். தஞ்சாவூரிலிருந்து ஆய்வுக்கு யார் வந்தாலும், “ரோஸ்லின், நீ எந்திரிச்சுச் சொல்லும்மா” என்பார். அவள் எழுந்து சொல்வாள். கடகடவென்று சொல்வாள். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். தன் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களை யாராவது ஒருநாளாவது எழுப்பினார்களா என்று அவள் அப்போது திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது அந்த முகங்களில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

“எங்க அம்மா திக்கியிருக்காது சார்.”

“சரி. திக்கியிருக்காது. இப்ப என்ன செய்யணும்ங்குற? மறுபடி வச்சா அவங்க வருவாங்களா? அதைக் கேட்டியா? உன் கோவத்துக்கு நீ குதிக்குறியா, அவங்க சொல்லி வந்தியா?”

அம்மா சொல்லி ரோஸ்லின் வரவில்லை. பங்குச் சாமியார் பால்வாடி வேலைக்குக் கூப்பிட்டபோது அம்மா போகவில்லை. ‘என்னைய ஒருத்தரும் ஒன்னும் கேக்கல சாமி. நான் போயி அந்தப் புள்ளைகள என்னன்னு கேப்பேன்?’ என்று சொல்லிவிட்டு மறுநாளே சேற்றில் இறங்கிவிட்டாள். மெஷின் கிடைக்கிற நாள்தான் நடவு நாள். இன்று ஞாயிறாக இருந்தும் முதல் பூசைக்குப் பிறகு வயலுக்குத்தான் போயிருக்கிறாள்.

சார் தன் செல்போனை எடுத்தார். “நானே கேக்குறேன். உன் முன்னாடியே கேக்குறேன்.” ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

நெடுநேரம் அடித்த பிறகு பூவம்மாள் எடுத்தாள். பின்னால் நடவு மெஷினின் இரைச்சல். “யாரு, லியோ சாரா? உங்க ஸ்டூடண்டு மூலையில நட்டுக்கிட்டு இருக்கு சார். கையெல்லாம் சேறு. இருங்க, காதுல வைக்குறேன். ஏ சவரி, காலேஜுலேருந்து போனுடி!”

“சார், வணக்கம் சார்.” அம்மா குரல் மூச்சு வாங்கியது. “பாப்பாவுக்கு ஒன்னும் இல்லியே?”

“ஒன்னும் இல்ல சவரியம்மா, நல்லாருக்கா. ஒரு விஷயம். தஞ்சாவூர்லேருந்து ஆள வரவச்சு உங்களுக்கு மட்டும் மறுபடி வைவா வச்சா, வந்து நடத்துவீங்களா?”

மெஷின் தூரம் போய்த் திரும்பி வரும் சத்தம் கேட்டது.

“எதுக்கு சார்? அதான் பாஸ் போட்டுட்டீங்களே.”

“இல்ல, உங்களைக் கேக்கலன்னு வருத்தப்பட்டீங்களாமே.”

“பாப்பா அங்கதான் இருக்கா?” குரல் தாழ்ந்தது. “சத்தம் போட்டுட்டாளா சார்? அவளுக்கு அவ அப்பன் வாயி. மனசுல ஒன்னும் கெடையாது. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்குறேன்.”

“அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா. நீங்க வருவீங்களா, மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க.”

“வேணாம் சார். எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. அன்னைக்கு நீங்க உக்காரச் சொன்னதே நல்லதாப் போச்சு. எந்திரிச்சு நின்னதுல காலு வெலவெலத்துப் போச்சு எனக்கு. நடத்தியிருந்தா மானம் போயிருக்கும். புள்ளைக்கும் தலகுனிவு. அவ காலையில வெறும் வயித்தோட வந்துட்டா சார். எதாச்சும் வாங்கிக் குடுங்க. நான் வச்சுடவா? மெஷினு வருது.”

ஃபோன் அணைந்தது.

மறந்துபோயிற்றாம். நேற்று இரவு தூக்கத்தில் அம்மா, “மடையத் தொற கண்ணு, இப்ப பாரு” என்று சொன்னதை ரோஸ்லின் பக்கத்தில் படுத்திருந்து கேட்டிருந்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், தூக்கத்தில். வாழ்க்கையில் பொய்யே சொல்லத் தெரியாதவள் இன்று மகளுடைய வேலை போய்விடக்கூடாது என்று, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, பூவம்மாளும் கேட்க, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். உட்காரவைத்தவரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டாள்.

கவிப்ரியா அழுதுகொண்டிருந்தாள். லியோ சார் ஜெயித்தவர் மாதிரி இல்லை. வடைத் தட்டை ரோஸ்லின் பக்கம் நகர்த்தினார்.

“சாப்பிடும்மா. அவங்களே வேணாம்னுட்டாங்க. இதோட விடு. நீ போயி தஞ்சாவூர்ல வாயத் தொறந்தீன்னா இந்த சென்டரை மூடிடுவாங்க. அப்புறம் உங்க தெருப் பொண்ணுங்க எங்க போகும்? பழையபடி மில்லுக்குத்தான். அதையும் யோசி.”

அது உண்மை. அது உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

“யோசிச்சுட்டேன் சார். நீங்க எனக்குச் செஞ்சதுல எதையும் நான் மறக்கல. ஆனா என் மரியாதைக்காகத்தானே அம்மாவ உக்கார வச்சீங்க? அந்த மரியாதை இனிமே எனக்கு வேணாம். நான் இங்க டியூட்டர் இல்ல. இனிமே எங்க அம்மா எந்த டீச்சருக்கும் அம்மா இல்ல. நாளைக்கு நான் தஞ்சாவூர் போயி அந்த இயக்குநர் முன்னாடி நிக்குறேன். எங்க அம்மா படிச்சுது, கேக்கலன்னு சொல்லுவேன்.”

“அவங்க வரமாட்டேன்னு இப்பதானே சொன்னாங்க? நீ கேட்டேல்ல?”

“கேட்டேன். வராது. இனிமே எங்க அம்மா அந்த மண்ணைப் பிசையாது சார். எனக்குத் தெரியும்.” வடைத் தட்டைச் சார் பக்கமே நகர்த்தினாள். “அது வராதுங்குறதுக்காக, நீங்க கேக்காததும் இல்லன்னு ஆயிடுமா?”

“ரோஸ்லின், புது பேட்ச் உக்காந்திருக்கு. கிளாஸ எடுத்துட்டாவது போ. கோவம் ஆறும்.”

“நீங்க எடுங்க சார். எல்லாரையும் கேட்டுக் கேட்டு எடுங்க.”

கவிப்ரியா அவள் கையைப் பிடித்தாள். “என்னைய நெனச்சுப் பாத்தீங்களாக்கா?” ரோஸ்லின் அவளைப் பார்த்தாள். இருபத்தொரு வயது, புதுச் சுடிதார், நெற்றியில் வியர்வை. நாளைக்குப் பிறகு இந்தப் பெண் தன்னைச் சபிப்பாள், தெருவே சபிக்கும். அம்மாவும் பல நாள் பேசமாட்டாள். “நெனச்சேன்டி” என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டாள். அம்மா ஃபோனில் மன்னிப்புக் கேட்ட அந்த நிமிஷத்திலேயே எல்லாம் முடிவாகிவிட்டிருந்தது. அதற்கப்புறம் பேசியதெல்லாம் வெறும் பேச்சு.

அவள் வெளியே வந்ததும் அடுத்த அறையில் பெஞ்சுகள் நகர்ந்தன. “வணக்கம் டீச்சர்!” என்று பெண்கள் எழுந்து நின்றார்கள். அவள் தலையை அசைத்துவிட்டு நிற்காமல் கடந்தாள். வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பாதிச் செருப்புகளில் காய்ந்த சேறு. தன்னுடையதைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.